லால்குடியோட வயலின் பாடும்

பக்கவாத்தியம்னா பாடகர் பாடினத அப்படியே திருப்பி வாசிக்கிறதுதானேன்னு நினைக்கிறவங்க, வயலின் வித்வான் லால்குடி ஜெயராமன் வாசிச்ச பழைய கச்சேரி ரெக்கார்டிங் ஏதாவது ஒண்ணு கேளுங்க, பாடகர்கள் ஜி.என்.பி. (ஜி.என். பாலசுப்ரமணியம்) கூடவோ மதுரை மணி ஐயர் கூடவோ. அவங்க விஸ்தாரமா ராகம் பாடி முடிச்சதும் இவர் அதைவிட கம்மி நேரத்துல அந்த ராகத்தோட மொத்த அழகையும் எடுத்து வச்சுடுவார், ஆனா பாடகர் உண்டாக்கின மூட் கலையவே கலையாது. எனக்கு அவரோட தனிக் கச்சேரியைவிட இதுதான் பெருசா தெரியுது.

1930ல பிறந்தவர். அப்பா கோபால ஐயர்தான் குரு. குடும்பத்துல முன்னாடி இருந்த ராம ஐயர் தியாகராஜரோட நேரடி சிஷ்யர், தியாகராஜர் லால்குடி கோயில் சுவாமி அம்பாள் மேல பாடின பஞ்சரத்னம்னு அஞ்சு கீர்த்தனைகூட இருக்கு. அந்த வீட்டுப் பையன் 12 வயசுலயே பக்கவாத்தியம் வாசிக்க மேடை ஏறிட்டார்.

அவர் பாணியில விசேஷம் என்னன்னா சாகித்யம்தான், அதாவது பாட்டோட வரிகள். கீர்த்தனை வாசிக்கும்போது வார்த்தை எங்க பிரியுதோ அங்கதான் வில்லு திரும்பும், நெடில் வந்தா ஒரே வில்லுல இழுப்பார், வல்லின எழுத்து வந்தா ஒரு சின்ன அழுத்தம் விழும், அதனால பாட்டு தெரிஞ்சவங்களுக்கு வரிகள் அப்படியே காதுல கேக்கும். மேல்நாட்டுலேர்ந்து வந்த வாத்தியத்துல இதைக் கொண்டு வர்றதுக்கு எவ்வளவு சாதகம் பண்ணியிருக்கணும்!

1965ல ஸ்காட்லாந்துல நடக்கற எடின்பரோ கலை விழாவுக்குப் போனப்போ, மேல்நாட்டு வயலின் மேதை யெஹுதி மெனுஹின் இவர் வாசிப்பைக் கேட்டு அசந்துபோய் ஒரு இத்தாலிய வயலினையே பரிசா குடுத்தார். அடுத்த வருஷம் புல்லாங்குழல் ரமணி, வீணை வெங்கட்ராமனோட சேர்ந்து மூணு வாத்தியக் கச்சேரி. வீணைல மீட்டின நாதம் சீக்கிரம் அடங்கிடும், குழலும் வயலினும் நீண்டு நிக்கும், இதை ஒண்ணா கொண்டுபோறது லேசுப்பட்ட வேலை இல்லை.

சாருகேசி ராகத்துல வர்ணம், மோகனகல்யாணி ராகத்துல தில்லானா எல்லாம் இவர் போட்டதுதான், பரதநாட்டிய மேடைகள்ல இன்னிக்கும் ஆடுறாங்க. பாம்பே ஜெயஸ்ரீ, சாகேதராமன்னு பாடகர்களே ஒரு வயலின் வித்வான்கிட்ட பாட்டு கத்துக்கிட்டாங்கன்னா பாத்துக்கோங்க.

2013ல போயிட்டார். பழைய கச்சேரிகளை யூட்யூப்ல ஏத்துறவங்க தயவுசெஞ்சு பாடகர் பேர் மட்டும் போடாம வயலின், மிருதங்கம் யாருன்னும் போடுங்க, தேடிக் கேக்கறவங்களுக்கு அது பெரிய உதவி.