வியன்னா ஸ்டேஷன் பையனும் அவன் பெட்டியும் - செஞ்சு பார்த்த அனுபவம்

போன வருஷம் வியன்னா போயிருந்தப்போ வெஸ்ட்பான்ஹோஃப் ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கும்போதுதான் அந்தப் பையனைப் பார்த்தேன். வெண்கலத்துல ஒரு சின்னப் பையன், சூட்கேஸ் மேல உட்கார்ந்திருக்கான், அவ்ளோதான் சிலை. ஃப்ளோர் கென்ட்னு ஒரு சிற்பி செஞ்சது, 2008ல வச்சிருக்காங்க. 1938, 39ல நாஜிக்கள்கிட்ட சிக்காம சுமார் 10,000 பிள்ளைங்களை, பெரும்பாலும் யூதப் பிள்ளைங்க, அப்பா அம்மா இல்லாம தனியா ரயிலேத்தி பிரிட்டனுக்கு அனுப்பினாங்களே, கிண்டர்டிரான்ஸ்போர்ட், அதுக்கு பிரிட்டிஷ் மக்களுக்கு நன்றி சொல்றதுக்காக வச்ச சிலை. வியன்னாலேர்ந்து முதல் ரயில் 1938 டிசம்பர் 10 அன்னைக்கு இதே ஸ்டேஷன்லதான் கிளம்பியிருக்கு.

வீட்டுக்கு வந்தும் அவன் கண்ணுலயே நின்னான். சரி, கையளவுக்கு ஒண்ணு செஞ்சு பார்ப்போம்னு உட்கார்ந்துட்டேன். அப்படியே காப்பி எடுக்கல, உட்கார்ந்திருக்கிற விதத்தை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை நானே செய்றேன். 1:8 அளவு, அதாவது ஏழு வயசுப் பையன் எழுந்து நின்னா 15 செ.மீ. வருவான்.

எலும்புக்கூட்டுக்குக் கட்டுக்கம்பிதான், கட்டடத்துக்குக் கம்பி கட்டுவாங்களே அது, ரெண்டு இழையா முறுக்கினா நல்லா நிக்குது. மேல அலுமினியம் ஃபாயிலைக் கசக்கிச் சுத்தி உடம்பு. முதல்ல தானா காயிற க்ளே போட்டேன், மறுநாள் பார்த்தா முழங்கால் மடிப்புல விரிசல், ஃபாயில் வெளிய தெரியுது. அதைச் சுரண்டி எடுத்துட்டு ரெண்டு கட்டியைச் சேர்த்துப் பிசையிற எபாக்ஸி புட்டிக்கு மாறினேன், அதுல விரிசல் வரல, ஆனா அரை மணிக்குள்ள இறுகிடும், அதனால ஒரு தடவைக்குக் கோலிகுண்டு அளவுதான் பிசையிறேன்.

பெரிய சிக்கலே பெட்டிலதான் வந்துச்சு. பார்க்க நல்லா இருக்கட்டும்னு 9 செ.மீ. நீளத்துக்கு, மூலைல தகடு, பெல்ட்டு எல்லாம் வச்சுச் செஞ்சு முடிச்சுட்டேன், மூணு சாயங்காலம் அதுக்கே போச்சு. அப்புறம்தான் உறைச்சுது, ஒரு பிள்ளைக்கு ஒரு சின்னப் பெட்டிதான், அதையும் அதுவே தூக்கிக்கிட்டுப் போகணும், விலையுள்ள சாமான் எதுவும் கூடாது, காசுன்னா ஜெர்மன் பணம் 10 மார்க் அவ்ளோதான். நான் செஞ்சது நிஜ அளவுல 72 செ.மீ. வரும், ஏழு வயசுக்காரன் அதை எப்படித் தூக்குவான்? தூக்கி வச்சுட்டு 6 செ.மீ.க்கு வேற செஞ்சேன். பெட்டி சின்னதானதும் உட்கார்ந்திருக்கிறதே மாறிப்போச்சு. முன்னாடி காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஏதோ விளையாட்டுக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தான், இப்போ கால்விரல் தரையைத் தொடுது, கூப்பிட்டா உடனே எழுந்து நடக்கணும்ங்கிற மாதிரி இருக்கான். இந்த ஒரு மாற்றத்துக்காக முதல் பெட்டியைத் தூக்கி வச்சதுல எனக்கு வருத்தமே இல்ல.

அந்தப் பெட்டிக்குள்ள என்ன வச்சு அனுப்பியிருப்பாங்கன்னு ரொம்ப யோசிச்சேன். இதே ஃப்ளோர் கென்ட் 2003ல லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல வச்ச சிலைல பெட்டியைக் கண்ணாடிலயே செஞ்சு, அப்படி வந்த பிள்ளைங்க பத்திரமா வச்சிருந்த நிஜச் சாமான்களையே உள்ள வச்சிருந்தாங்க. என்னுது மூடின பெட்டிதான். திறந்து காட்ட மனசு வரல.

முகத்தை ரெண்டு தடவை அழிச்சேன். முதல்ல அழுற மாதிரி செஞ்சேன், பார்க்கிறவங்க பாவம்னு சொல்லிட்டு நகர்ந்துடுவாங்கன்னு தோணிச்சு. இப்போ வாய் மூடியிருக்கு, தலை கொஞ்சம் ஒரு பக்கம் திரும்பியிருக்கு, யாரோ பேர் கூப்பிடுறதைக் கேட்கிற மாதிரி. புட்டி காயிற நேரத்துல ட்ரூஸ் வைஸ்முல்லர்னு ஒரு டச்சு அம்மாவைப் பத்திப் படிச்சேன். தனி ஆளா வியன்னாவுக்குப் போய், அங்க யூதர்களை வெளியேத்துற வேலையைப் பார்த்துக்கிட்டு இருந்த ஐக்மன்ங்கிற நாஜி அதிகாரியைப் பார்த்திருக்காங்க. அந்த சனிக்கிழமைக்குள்ள 600 பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போ பார்க்கலாம்னு அவன் சொல்ல, அந்தம்மா செஞ்சே காட்டினாங்க, அதுதான் நான் மேல சொன்ன டிசம்பர் 10 ரயில். 1940 மே 14, நெதர்லாந்து சரணடைஞ்ச அன்னைக்குக்கூட 74 பிள்ளைங்களை போடேக்ராவன்ங்கிற கப்பல்ல ஏத்தி அனுப்பியிருக்காங்க. இதைப் படிச்ச ராத்திரி வேலையே ஓடல, ஈரத்துணியால புட்டியைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருந்தேன்.

பெயின்ட் முடிஞ்சுது. கருப்பு அடிச்சு, மேல வெண்கலக் கலரைக் காஞ்ச பிரஷ்ல மேடான இடத்துல மட்டும் தேய்ச்சேன். முழங்கால்லயும் பெட்டிக் கைப்பிடிலயும் கொஞ்சம் கூடுதலா தேய்ச்சு பளபளப்பு ஏத்தினேன், நிறைய கை பட்ட சிலை மாதிரி இருக்கணும்னு.

மிச்சம் இருக்கிறது கழுத்து அட்டை. அந்தப் பிள்ளைங்க ஒவ்வொருத்தர் கழுத்துலயும் நம்பர் எழுதின அட்டை தொங்கும். அட்டையை வெட்டி, ஊசியால ஓட்டை போட்டு, தையல் நூலும் கோர்த்து ரெடியா மேஜை மேல வச்சிருக்கேன். நம்பர்தான் எழுதல. நானா ஒரு நம்பரை இவனுக்கு எழுதிப் போட கை வரமாட்டேங்குது, வெறும் அட்டையாவே கட்டிடலாமான்னு பார்க்கிறேன்.