தாத்தாவின் வைஸும் முதுநகர் உப்புக்காற்றும்

கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில், தாத்தாவின் இரும்பு வைஸ் (வேலை செய்யும் பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) சென்ற ஆண்டு நான் அடித்த பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளிவிட்டு மறுபடியும் துருவேறி நின்றது. தவறு என்னுடையதுதான், துருவின் குழிகளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து அடியிலிருந்தே அரிக்கும் என்பதை எண்ணாமல், மேலாகத் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடு பூசியிருந்தேன்.

இம்முறை கம்பி பிரஷ்ஷால் உதிரும் துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் மூன்று முறை கழுவி, வெயிலில் காயவைத்த பின், கடுக்காய்த் தோலைக் கொதிக்கவைத்து இறுத்த கஷாயத்தைப் பூசினேன். அதிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் துருவோடு சேர, செம்பழுப்பு மெல்ல நீலங்கலந்த கருமையாக மாறியது; அந்தக் காலத்து எழுத்து மையும் ஏறக்குறைய இதே சங்கதிதான். அது காய்ந்த பிறகே பெயின்ட். திருகின் மரைக்கு மட்டும் பெயின்ட் ஆகாது என்பதால் கிரீஸ் தடவியிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் அதை ஒருமுறை துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.