கூடுதல் பொறுப்பு

குடியாத்தம் வட்டத்தில் கிராம நிர்வாக அலுவலராக இருந்தபோது, பக்கத்துக் கிராமத்தில் பணியிடம் காலியானதால் அதையும் ‘கூடுதல் பொறுப்பாக’ என்னிடம் கொடுத்திருந்தார்கள். வருவாய்த் துறையில் பொறுப்பு என்பது ஆணையோடு வந்து ஆணையோடு போவது. அடங்கல் என்னும் பயிர்க் கணக்குப் பதிவேடு, புல வரைபடம், முத்திரை என்று எண்ணிப் பார்த்துக் கையொப்பமிட்டு வாங்கிக்கொள்வோம். பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980இல் ஒழிக்கப்பட்டும் ஊர்ப் பெரியவர்கள் என்னை மணியக்காரர் என்றே கூப்பிட்டார்கள். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்ய ஆற்றில் வெள்ளம் வந்தது. கரையோர மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைப்பது, அரிசி கணக்கு, வட்டாட்சியர் அலுவலகத் தொலைபேசி என்று என் சொந்தக் கிராமத்திலேயே நாள்கள் போயின. ஆற்றுக்குத் தள்ளியிருந்த கூடுதல் கிராமம் நினைவிலேயே இல்லை. ஒரு வாரம் முன்பு அங்கே வயதான ஆயா ஒருவர் என்னை நிறுத்தி, “செவுரு ஊறிப் போச்சுப்பா, ஒரு தபா வந்து பாரு” என்றிருந்தார். “வரேன் ஆயா” என்றேன், குறித்துக்கொள்ளவில்லை.

19ஆம் தேதி காலை, பேரணாம்பட்டில் வீடு இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்த செய்தி வந்தபோதுதான் அந்தச் சுவர் கண்முன் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். மண்சுவர் உள்பக்கமாகவே சரிந்திருந்தது. அவர் பாய் விரிக்கும் இடத்தில் அலுமினியக் குண்டான் ஒன்று தட்டுப்போல நசுங்கிக் கிடந்தது.

ஆயா அடுத்த வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். யார் சொல்லி அவரை இங்கே கூட்டிவந்தீர்கள் என்று கேட்டேன். மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெண், “மூணு நாளா மழ உடல, ஆயாவ அங்க எப்படி சார் உட்றது?” என்றார். நான் கேட்டதே அவருக்கு வேடிக்கையாகத் தோன்றியது போலும், கை நிற்கவில்லை.

என் தந்தையின் கண் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டியது நான். வேளை தவறாமல் சொட்டு மருந்து விட்டது என் மனைவி. அதுவரை அந்தப் பொறுப்பை நான்தான் நிறைவேற்றியதாக எண்ணியிருந்தேன் என்பது, அந்தத் திண்ணையில் நின்றபோது கூச்சத்தோடு நினைவுக்கு வந்தது.

சேத அறிக்கைக்காக, ஆயாவின் ரேஷன் அட்டையும் வங்கிப் புத்தகமும் இடிபாட்டில் போயிருக்குமே என்று தயங்கிக் கேட்டேன். அந்தப் பெண் முறத்தை இறக்கி வைத்துவிட்டு, பரணிலிருந்து பாலிதீன் பையில் சுற்றிய கட்டொன்றை எடுத்து நீட்டினார்.