கொழும்பு மழைக்குத் தாங்கும் ரோசா: பதினொரு மாதக் கணக்கு

வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட எங்கள் வீடு. முன்னால் பத்தடி மண், மேலே மொட்டைமாடி, அவ்வளவுதான் தோட்டம். போன டிசம்பர் விடுமுறையில் நுவரெலியாவுக்குக் கிட்ட உள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்காவில் கோப்பை அளவு ரோசாக்களைப் பார்த்துவிட்டு வந்ததில் தொடங்கியது இந்தப் பைத்தியம். அந்த இடம் 5,000 அடிக்கு மேலே, சுவெட்டர் போடுகிற குளிர் என்பதெல்லாம் அப்போது மண்டையில் ஏறவில்லை.

ஜனவரியில் மூன்று கன்று வாங்கினேன்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை. மூன்றும் ஒட்டுக் கட்டியவை, அதாவது காட்டு ரோசாவின் அடித்தண்டில் நல்ல ரோசாவை ஒட்டவைத்து வளர்த்தவை. நீண்ட தண்டில் ஒற்றைப் பெரிய பூ விடுகிற ஹைப்ரிட் டீ வகை. பெயரைக் கேட்ட அம்மா தேத்தண்ணிச் சக்கையைக் கொண்டுவந்து அடியில் கொட்டினார்.

மார்ச் வரை நன்றாகவே பூத்தன. ஏப்ரலில் பின்னேர இடிமழை தொடங்கியதும் கதை மாறியது. மொட்டுகள் விரியாமலே வெளியிதழ் பழுப்பாகி, ஒட்டிக்கொண்டு அழுகின. அடியிலைகளில் கரும்புள்ளி, அதைச் சுற்றி மஞ்சள். இரண்டு கிழமையில் தண்டு மொட்டை. கரும்புள்ளி ஒரு பூஞ்சண நோய். இலை ஏழு மணித்தியாலம் போலத் தொடர்ந்து ஈரமாக இருந்தாலே அதற்குப் போதும். நானோ வேலை முடிந்து வந்து, இரவில், செடியின் தலையோடு தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தேன். விடிய விடிய ஈரம்.

மஞ்சள்தான் முதலில் போனது. அப்புறம் வாசித்ததில் காரணம் பிடிபட்டது. இன்றைய மஞ்சள் ரோசாக்களில் பெரும்பாலானவற்றின் நிறம் பாரசீக மஞ்சள் ரோசாவிலிருந்து வந்தது. பிரான்சின் லியோனில் பெர்னே-டுஷே என்பவர் அதைக் கலந்து உண்டாக்கிய 'சொலேய் டோர்' என்ற ரோசா 1900இல் வெளிவந்தது. நிறத்தோடு கரும்புள்ளிக்கு இலகுவில் விழும் குணமும் சேர்ந்து வந்துவிட்டது. அதைக் கொண்டுபோய் தென்மேற்குப் பருவமழையில் நிறுத்தியது என் கெட்டித்தனம்.

ஜூனில் வெள்ளையும் குப்பைக்குப் போனது. சிவப்பு மட்டும் காய்ந்த தண்டின் அடியிலிருந்து கொழுத்த தளிர் ஒன்று விட்டது. வீடு முழுக்கச் சொல்லிக் கொண்டாடினேன். இரண்டு மாதத்தில் நாலடி உயரம், ஒரு மொட்டில்லை. பக்கத்து வீட்டு மாமி மண்ணைக் கிளறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தம்பி, இது ஒட்டுக்குக் கீழால வந்தது. காட்டு ரோசா. இவ்வளவு நாளும் முள்ளுக்குத்தான் தண்ணி ஊத்தியிருக்கிறீர்."

அவர் வீட்டு மதிலோரம் ஒரு இளஞ்சிவப்பு ரோசா பதினைந்து வருடமாக நிற்கிறது. தேசிக்காய் அளவுப் பூ, கொத்துக் கொத்தாக. மருந்து அடித்ததே இல்லை. குசினிக் கத்தியால்தான் கவாத்து. தினமும் அதைக் கடந்துதான் நான் கன்று வாங்கப் போயிருக்கிறேன்!

ஓகஸ்டில் அதில் பென்சில் தடிப்பில் ஆறு துண்டு வெட்டி வந்தேன். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தும்புத்தூளும் மணலும் கலந்து நிழலில் ஊன்றினேன். நாலு பிழைத்தன. மூன்றை மண்ணில், காலையிலிருந்து ஆறு மணித்தியாலம் வெயில் விழும் பக்கமாக நட்டேன். ஒன்றை மாடியில் கடலைப் பார்க்க வைத்தது பிழை. உப்புக்காற்றில் இலையோரம் கருகி, இப்போது தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறது.

கடையிலும் ஒன்று வாங்கினேன், சிறிய சிவப்புப் பட்டன் ரோசா. இப்போதெல்லாம் பூவை விட்டுவிட்டு அடியிலைகளைத் திருப்பிப் பார்க்கிறேன். தடித்து மினுங்குகிற இலைதான் வேண்டும். எங்கே வளர்த்தது என்றும் கேட்பேன். "நுவரெலியாவில் இருந்து நேற்றுத்தான் லொறியில் வந்தது" என்று ஒரு கடைக்காரர் பெருமையாகச் சொல்ல, சரி அண்ணை என்று சாடியை மெல்லக் கீழே வைத்துவிட்டேன்.

நவம்பர் மழையில் இவற்றுக்கும் கரும்புள்ளி வந்தது. தண்ணீர் காலையில், வேரடியில் மட்டும். நோய் வந்த பத்துப் பதினைந்து இலைகளைக் கிள்ளி, கூட்டெருவில் சேர்க்காமல் எறிந்தேன். மேலே தளிர் பாட்டுக்கு வருகிறது. இந்தக் கிழமை முன்வாசலில் ஒரே கொத்தில் ஒன்பது பூ. அதில் ஏழு பூவை அம்மா சாமிப்படத்துக்கு எடுத்துவிட்டார்.