இல்லாத இடத்தில் கிட்னிக்கு அளவு எழுதிய ரிப்போர்ட்

பாப்பாவுக்கு ஃபான்கோனி அனீமியா, அதாவது எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவது குறைந்துபோகும் பரம்பரை நோய் என்று உறுதியான நாளிலிருந்து எங்கள் வீட்டில் பேச்செல்லாம் ரத்தம்தான். பிளேட்லெட் எவ்வளவு, டோனர் யார், பணத்துக்கு என்ன வழி. கிட்னியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. திறக்க அவசியமும் இல்லை. ஃபைலில் அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட் பத்திரமாக இருந்தது. ‘வலது சிறுநீரகம் 7.9 செ.மீ., இடது சிறுநீரகம் 7.8 செ.மீ., இயல்பு.’

மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் போன இடத்தில் டாக்டர் அந்தக் காகிதத்தைப் புரட்டக்கூட இல்லை. பாப்பாவின் வளைந்த கட்டைவிரலைப் பார்த்துவிட்டு, “கை இப்படி இருந்தா கிட்னியையும் நாங்களே ஒரு தடவை பார்த்துடுவோம்மா” என்றார். இந்த நோய் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு கிட்னி பிறவியிலேயே கோளாறாக இருக்குமாம். ஒன்றுதான் இருக்கும், அல்லது இரண்டும் கீழே ஒட்டியிருக்கும், அல்லது இடம் மாறியிருக்கும்.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா இடப்பக்கம் தேடினார். ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தேடினார். பிறகு தண்ணீர் குடிக்கவைத்து, மூத்திரப்பை நிறைந்ததும் அடிவயிற்றில் கருவியை வைத்தார். சின்னதாக, திரும்பிய வாக்கில், இடுப்பெலும்புக் குழிக்குள் கிடந்தது இடது கிட்னி. அப்படியென்றால் 7.8 செ.மீ. என்று முன்னே அளந்தது எதை? பழைய சென்டரில் எல்லோருக்கும் ஒரே ரிப்போர்ட்டை அடித்து, பெயரை மட்டும் மாற்றுகிறார்கள் என்பது என் முடிவு. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அடுத்து டிஎம்எஸ்ஏ ஸ்கேன். எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று அதில் தெரியும். விடியற்காலை பஸ் பிடித்துப் போனால், “இன்னைக்கு மருந்து வரலைங்க.” அதில் சேர்க்கும் டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் ஆறு மணி நேரத்தில் பாதியாகிவிடுமாம், வாங்கி வைக்க முடியாது. போன் செய்து கேட்காமல் கிளம்பாதீர்கள். ஊசி போட்டபின் இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்புறம் அசையாமல் படுக்க வேண்டும். பிள்ளைக்குப் பிடித்த கார்ட்டூனை போனில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

“கிரியேட்டினின் நார்மல்தானே?” என்று நானும் கேட்டேன். அது தசையிலிருந்து வந்து கிட்னி வழியாக வெளியேறும் கழிவு; நோஞ்சான் குழந்தைக்கு கிட்னி மந்தமாக இருந்தாலும் அளவு குறைவாகவே காட்டலாம். அதனால் ஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம், தனியாக எடுத்தார்கள். மாற்று சிகிச்சைக்கு முன் கொடுக்கும் ஃப்ளூடராபின் என்ற மருந்து கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது; அதன் டோஸை ஜிஎஃப்ஆரை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். பிறகு எதிர்ப்புச் சக்தியை அடக்க மாதக்கணக்கில் கொடுக்கும் சைக்ளோஸ்போரினும் கிட்னியைத்தான் பதம் பார்க்கும்.

காப்பீட்டில் வந்தது அடுத்த வினை. ஒரு ரிப்போர்ட் இயல்பு என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது, விளக்கம் தேவை என்று ஃபைலைத் திருப்பிவிட்டார்கள். பழைய சென்டரில் திருத்தித் தரச் சொன்னால், கவுன்டர் பையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “கொடுத்த ரிப்போர்ட்டை மாத்த மாட்டோம்க்கா.” கடைசியில் மாற்று சிகிச்சை டாக்டரே, பழைய ரிப்போர்ட்டின் தேதியைக் குறிப்பிட்டு ‘அது தவறு’ என்று லெட்டர் பேடில் எழுதி, டிஎம்எஸ்ஏ படத்தை இணைத்துக் கொடுத்தார். அப்ரூவல் வந்துவிட்டது. எந்த ஸ்கேன் எடுத்தாலும் படத்தையும் கேட்டு வாங்குங்கள், ரிப்போர்ட் மட்டும் போதாது.

ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்: இடது கிட்னி இடுப்பில், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகள் கூடாது; அமிகாசின், ஜென்டாமைசின் ஆகிய ஆன்டிபயாடிக் ஊசிகள் போடுமுன் கிட்னி நிலையைப் பார்க்கவும். ராத்திரியில் காய்ச்சலோடு கேஷுவாலிட்டிக்கு ஓடும்போது புது டாக்டருக்கு இதையெல்லாம் வாயால் சொல்ல வராது.

டோனர் அவள் அண்ணன்தான். அவனுக்கு இந்த நோய் இல்லை என்று முதலில் குரோமோசோம் பிரேக்கேஜ் டெஸ்டில், அதாவது குரோமோசோம்கள் எவ்வளவு உடைகின்றன என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில், உறுதி செய்தார்கள். அந்த ரத்தத்தை ஹெபாரின் (ரத்தம் உறையாமல் தடுப்பது) போட்ட பச்சை மூடி டியூபில் எடுக்க வேண்டும். ஊதா மூடியை எடுத்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.