ஏழாம் பக்கத்துப் பனியும் ஒரு சிரட்டை ரப்பர் பாலும்

நான் வரையும் நந்தாதேவி காமிக்ஸில் ஏழாம் பக்கம் ஒருவழியாக முடிந்தது. இது நான்காவது தாள். முதல் மூன்றும் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

1964 அக்டோபரில் சீனா லோப் நூரில் அணுகுண்டு சோதித்த பிறகு, அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.வும் நம்ம உளவுத்துறை ஐ.பி.யும் ரகசியமாகக் கைகோத்து, 7,816 மீட்டர் நந்தாதேவி மலையில் ஒட்டுக்கேட்கும் கருவி வைக்கப் போனார்களே, அந்தக் கதைதான். ஏழாம் பக்கம் 1965 அக்டோபர். பனிப்புயல். புளூட்டோனியத்தில் ஓடும் ஜெனரேட்டரோடு 50 கிலோவுக்கு மேல் சுமையை நான்காம் முகாம்வரை ஏற்றிவிட்டார்கள். கீழே இருந்த குழுத் தலைவர் எம்.எஸ்.கோலி, அங்கேயே கட்டிவைத்துவிட்டு இறங்கச் சொல்லிவிட்டார். பக்கம் முழுக்க இருட்டு, அதற்குள் பனி பறக்க வேண்டும்.

வெள்ளை போஸ்டர் கலரைத் தெளித்தால் பனி மாதிரி இல்லை, சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது. மாஸ்கிங் திரவம் என்று ஒன்று உண்டு; அது பட்ட இடத்தில் கலர் ஏறாது, உரித்தால் வெள்ளைத் தாள் தெரியும். ஆன்லைனில் சின்னப் பாட்டில் விலையைப் பார்த்து மூடிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: அதுவும் ரப்பர் பால்தானே? ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அருமனையில் உட்கார்ந்துகொண்டு ரப்பர் பாலை ஆன்லைனில் வாங்குவதா!

பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டும் அண்ணனிடம் கேட்டேன். “படம் வரையவாடே? ரப்பர் ஷீட் அடிச்சாலாவது காசு வரும்” என்றார். ஆனாலும் ஒரு சிரட்டை கொடுத்தார். நாலு சொட்டு அம்மோனியா விடாவிட்டால் மதியத்துக்குள் திரிந்துவிடும். வீடு நாறும், அம்மா ஏசுவாள், அது தனி. பிரஷ்ஷை முதலில் சோப்பில் முக்க வேண்டும். தெரியாமல் நல்ல பிரஷ் ஒன்றைக் கொன்றேன்.

முதல் தாளில் நிப்பால் கோடு போட்டு, மேலே பாலைத் தெளித்து, கறுப்பு வாஷ் (தண்ணீர் கலந்த மை) அடித்து உரித்தேன். பாலோடு கோலியின் தலைப்பாகைக் கோடும் பாதி வந்துவிட்டது. இரண்டாவதில் பாலை ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன்; காலையில் தாளின் தோலே உரிந்தது. மூன்றாவது தாள் இடவப்பாதி மழை ஈரத்தில் ஊறிப்போய், வாஷ் பாலுக்கு அடியில் புகுந்துவிட்டது.

சரியான வரிசை இதுதான்: தாளை அரிசிப் பானை மேல் வைத்துக் காய வைக்கணும். பழைய டூத்பிரஷ்ஷில் பால், சீப்பில் உரசித் தெளிக்கணும். வாஷ் காய்ந்த உடனே விரலால் உருட்டி எடுக்கணும். கோடு கடைசியில். அதாவது ஆள் எங்கே நிற்பான், கயிறு எங்கே போகும் என்று தெரியாமலே பனியைப் பெய்ய வைக்க வேண்டும். ஒரு ஷெர்பாவின் மூக்கு மேல் பெரிய சொட்டு விழுந்துவிட்டது. இருக்கட்டும், குளிர்தானே.

300 கிராம் வழவழப்புத் தாள் திருவனந்தபுரம் சாலை பஜார் பக்கம் கிடைக்குமா என்று பார்க்கணும். 1978 ஏப்ரலில் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் இதை ஒப்புக்கொள்ளும் காட்சிக்கு இப்போதே பயம், அந்த வட்டக் கட்டடத்தில் 144 தூண். 1967இல் நந்தா கோட் மலையில் வைத்த கருவியை இரண்டாம் பாகத்துக்குத் தள்ளிவிட்டேன்.

எட்டாம் பக்கம் 1966 வசந்தம். திரும்பப் போய்ப் பார்த்தால் கருவியைக் காணோம், பனிச்சரிவு கொண்டுபோயிருக்கிறது. பக்கம் முழுக்க வெள்ளைதான், பால் நிறைய வேண்டும். ஒரு வாரமாக மழை விடவில்லை, வெட்டும் நடக்கவில்லை. முதல் கட்டம் மட்டும் பென்சிலில் நிற்கிறது.