மகளுக்கு ரோடு பைக்: கை எட்டியபிறகுதான் மற்றதெல்லாம்

லண்டன் இல்ஃபோர்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கம்தான் ஹாக் ஹில். 2012 ஒலிம்பிக் பூங்காவுக்காக ஈஸ்ட்வே சைக்கிள் தடத்தை எடுத்துவிட்டு, அதற்கு மாற்றாக 2008-ல் திறக்கப்பட்ட சைக்கிள் மையம். சுமார் 2 கிலோமீட்டர் தார்த் தடம், கார் தொந்தரவு கிடையாது, நல்ல ஏற்றம் ஒன்றும் உண்டு. அங்கே பிள்ளைகள் வரிசையாகப் போவதைப் பார்த்து, பத்து வயது மகளுக்கு ரோடு பைக் (கீழே வளைந்த ஹேண்டில்பார் வைத்த வேகச் சைக்கிள்) ஆசை வந்துவிட்டது. தேடியது, வாங்கியது, வாங்கியபின் செய்த வேலை எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் அளவு. "8 முதல் 10 வயதுக்கு" என்று அட்டையில் போட்டிருப்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒரே வகுப்புப் பிள்ளைகளே ஒரு சாண் வித்தியாசத்தில் நிற்கிறார்கள். வெறுங்காலோடு சுவரில் சாயவைத்து, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே இறுக்கமாக மேலே ஏற்றி, அதன் விளிம்பிலிருந்து தரைக்கு அளந்தேன். 67 செ.மீ. உயரம் 142 செ.மீ., எடை 32 கிலோ. ஃப்ராக் கம்பெனி சிறுவர் ரோடு பைக்குகளின் பெயரில் வரும் 58, 67, 70 எல்லாம் இந்தக் கால் அளவுதான்.

மச்சான் ஒரு யோசனை சொன்னார்: "பெரியவங்க பைக்ல ரொம்பச் சின்ன சைஸ் ஒண்ணு வாங்கிடுங்க மாப்ள, நாலு வருஷம் ஓட்டுவா." பாவாடைக்கு டக் பிடித்துத் தைப்பதுபோல சைக்கிளுக்குச் செய்ய முடியாது. சீட்டை இறக்கிவிடலாம், பெடலைத் தாங்கிச் சுற்றும் கம்பியான கிராங்க்கை என்ன செய்வது? பெரியவர் பைக்கில் அது 165 அல்லது 170 மி.மீ. பிள்ளைக்கு உயரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது நடைமுறைக் கணக்கு. இவளுக்கு 142 மி.மீ. வரும். பெரியவர் கிராங்க்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் முழங்கால் வயிறு வரை ஏறும், இடுப்பு இரு பக்கமும் ஆடும்.

எடையும் அப்படித்தான். 12 கிலோ சைக்கிள் என்றால் 32 கிலோ பிள்ளைக்கு உடல் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். 75 கிலோ ஆள் 28 கிலோ சைக்கிளை மேட்டில் ஏற்றுவதற்குச் சமம். 9 கிலோவை ஒட்டிய சைக்கிளாகத் தேடியது அதனால்தான்.

ஆனால் கடைசியில் தீர்மானித்தது பிரேக். கடையில் நிறுத்தியிருந்த ஒவ்வொரு சைக்கிளிலும் அவளை ஏற்றி, ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடித்து லீவரை இழுக்கச் சொன்னேன். ஒன்றில் ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் தொட்டது, இழுத்தால் வழுக்கியது. "அப்பா, இது எட்டல." அந்தச் சைக்கிள் பார்க்க அத்தனை அழகு, திருப்பி நிறுத்திவிட்டோம். இன்னொன்றில் இரண்டு விரல் நடுக்கணு வரை லீவரில் உட்கார்ந்தது, முன்சக்கரம் அசையாமல் நின்றது. பிள்ளைகளுக்கென்றே குறுகலான ஹேண்டில்பாரும் சின்ன லீவரும் போட்டுச் செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் காசு இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

வாங்கியது பழைய சைக்கிள், 24 அங்குலச் சக்கரம். ஐலாபைக்ஸ் என்ற சிறுவர் சைக்கிள் கம்பெனி 2023-ல் புதிய சைக்கிள் செய்வதை நிறுத்திவிட்டதால் அவர்களுடைய லூவத் என்ற ரோடு பைக்கைப் பழசாகத்தான் தேடினோம். அதையும் பார்த்தோம், அளவு பொருந்தியது ஃப்ராக் 67-தான். பழசு வாங்குகிறவர்கள் டயர் ஓரத்திலுள்ள எண்ணைப் படித்துவிடுங்கள். 24 அங்குலம் என்ற ஒரே பெயரில் 507, 520, 540 மி.மீ. எனப் பல ரிம் விட்டங்கள் உண்டு, ஒன்றின் டயர் மற்றதில் ஏறாது. டயர் எளிதாகக் கிடைப்பது 507-க்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக் கேபிள் இரண்டையும் மாற்றினேன். பழைய கேபிள் உறைக்குள் துரு பிடித்திருந்தால் சின்னக் கைக்கு லீவர் கல்லாக இருக்கும். புதுசு போட்டதும் ஒரு விரலுக்கே இணங்கியது. காற்றை 40 பிஎஸ்ஐ-யில் நிறுத்தினேன். டயரில் எழுதியிருப்பது உச்ச அளவு. இந்த எடைக்கு அவ்வளவு அடித்தால் ஒவ்வொரு குழியும் கையில் குத்தும்.

பிறகு வாசலில் சாக்பீஸால் கோடு போட்டு, மிகக் கனமான கியரில் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்ற சைக்கிள் எவ்வளவு தூரம் போகிறது என்று இருவரும் டேப் பிடித்து அளந்தோம். இந்நாட்டுச் சைக்கிள் சங்கமான பிரிட்டிஷ் சைக்கிளிங் சிறுவர் பந்தயங்களில் இந்தத் தூரத்துக்கு முன்பு வயதுவாரியாக வரம்பு வைத்திருந்தது. வளரும் முழங்காலைக் கனமான கியரில் அழுத்தவிடாமல், வேகமாகச் சுற்றப் பழக்குவதற்கான விதி. எனக்கு மிகவும் பிடித்த விதி அது. பந்தயம் போகாத பிள்ளைக்கும் வீட்டில் இதையே வைத்துக்கொள்ளலாம்.

முதல் சில வாரம் லீவருக்கு மேலேயே பிடித்து ஓட்டினாள். கீழ் வளைவுக்குக் கையை இறக்கியது புல்தரையில், நின்றபடி, பிறகு மெதுவாக உருட்டியபடி. இப்போது ஹாக் ஹில் இறக்கத்தில் தானாகவே கீழே பிடிக்கிறாள், இரண்டு விரல் லீவர்மேல். ஏற்றத்தில் இன்னும் கியரைத் தாமதமாக மாற்றுகிறாள். அடுத்துப் பழக வேண்டியது அது. கால் அளவை இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அளந்து குறிக்கிறேன். சீட் கம்பியில் இன்னும் நாலு விரல் மிச்சம் இருக்கிறது.